ஆஸ்கார் விருதின் வாக்கெடுப்பு முறை: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆஸ்கார் என்று பரவலாக அழைக்கப்படும் அகாதமி விருது, அமெரிக்காவின் திரைப்படக் கலை மற்றும் அறிவியல் அகாதமியால் ஆண்டுதோறும் வழங்கப்படுவதாகும். பார்வையாளர்களோ விமர்சகர்களோ இவ்விருதைத் தீர்மானிப்பதில்லை. திரைத்துறையில் பணிபுரியும் அகாதமி உறுப்பினர்களே இரு கட்டங்களாக வாக்களித்து இதனை முடிவு செய்கின்றனர். முதற் கட்டத்தில் பரிந்துரைப் பட்டியலும் இரண்டாம் கட்டத்தில் வெற்றியாளரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

"சிறந்த படம்", "சிறந்த நடிகை" என்ற பெயர்கள் 1929 முதல் இன்றுவரை பெரிதும் மாறவில்லை. ஆனால் அப்பெயர்களுக்குப் பின்னால் வாக்களித்தவர்கள் பலமுறை மாறியுள்ளனர். வாக்குகளை எண்ணும் விதியும் மாறியுள்ளது. ஐந்து பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்த காலம் உண்டு. எக்ஸ்ட்ரா நடிகர்கள் உட்படப் பல்லாயிரம் பேர் வாக்களித்த காலமும் உண்டு. எந்த ஆண்டின் முடிவைப் புரிந்துகொள்ளவும் அந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த விதியை அறிவது தேவையாகிறது.

தொடக்கக் காலம்: நடுவர் குழு

அகாதமி 1927 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 36 நிறுவன உறுப்பினர்களுடன் தொடங்கப்பட்டது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் பி. மேயர் இதற்கு முன்முயற்சி எடுத்தார். நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் முதல் தலைவரானார். விருது வழங்குவது அகாதமியின் முதன்மை நோக்கமாக அப்போது இருக்கவில்லை. தயாரிப்பாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான சிக்கல்களைத் தீர்ப்பதும், தொழில்நுட்பத்தை வளர்ப்பதும், திரைத்துறையின் நற்பெயரைக் காப்பதும் அதன் வேலைகளாகக் கருதப்பட்டன.

முதல் விருது விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடைபெற்றது. விருது வழங்கும் நிகழ்ச்சி சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிட்டது. வெற்றியாளர்களின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால் அங்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

அப்போது நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளர், தொழில்நுட்பக் கலைஞர் என ஐந்து கிளைகள் இருந்தன. உறுப்பினர்கள் பெயர்களை முன்மொழிந்தனர். ஒவ்வொரு கிளையின் குழுவும் அவற்றைச் சுருக்கியது. இறுதி முடிவை எடுத்தது, கிளைக்கு ஒருவர் வீதம் ஐந்து பேர் கொண்ட மைய நடுவர் குழுவாகும். ஆகவே முதல் விருதுகள் வாக்கெடுப்பின் பயன் என்பதைவிட ஒரு சிறு குழுவின் தீர்ப்பு என்பதே பொருந்தும்.

இம்முறை நீடிக்கவில்லை. 1930 ஏப்ரலில் நடந்த இரண்டாம் விழாவில் "கோக்கெட்" படத்திற்காக மேரி பிக்ஃபோர்ட் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். அவர் அகாதமியின் நிறுவன உறுப்பினர். முன்னாள் தலைவர் ஃபேர்பாங்க்ஸின் மனைவி. நடுவர்களைத் தம் மாளிகைக்குத் தேநீர் விருந்துக்கு அழைத்து ஆதரவு தேடினார் என்ற பேச்சு பரவியது. ஐந்து பேரை ஒரு மேசையைச் சுற்றி அமரவைத்துவிட முடியும் என்பதே அந்த முறையின் குறையாகக் கருதப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மூன்றாம் விழாவிலிருந்து அகாதமி உறுப்பினர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது.

1932: ஒரு வாக்கும் இரண்டு விருதும்

எண்ணும் விதி முடிவை எவ்வாறு மாற்றும் என்பதற்கு 1932 நவம்பரில் நடந்த விழா எளிய எடுத்துக்காட்டாகும். சிறந்த நடிகர் பிரிவில் "டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்" படத்தின் ஃப்ரெட்ரிக் மார்ச், "தி சாம்ப்" படத்தின் வாலஸ் பீரியைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றிருந்தார். ஆனால் மூன்று வாக்குகளுக்குள் வேறுபாடு இருந்தால் சமநிலையாகக் கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. எனவே இருவருக்கும் விருது வழங்கப்பட்டது.

பின்னர் இவ்விதி மாற்றப்பட்டு, வாக்குகள் முற்றிலும் சமமாக இருந்தால் மட்டுமே விருது பகிரப்படும் என்றாயிற்று. அத்தகைய சமநிலை 1969 ஏப்ரலில் சிறந்த நடிகை பிரிவில் ஏற்பட்டது. "தி லயன் இன் வின்டர்" படத்திற்காகக் கேத்தரின் ஹெப்பர்னும் "ஃபன்னி கேர்ள்" படத்திற்காக பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் விருதைப் பகிர்ந்துகொண்டனர். ஸ்ட்ரைசாண்ட் தம் முதல் படம் வெளியாவதற்கு முன்பே அகாதமி உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருந்தார். ஒரே ஒரு வாக்கு இல்லாதிருந்தால் அவர் விருதை இழந்திருப்பார் என்பதால் அந்த உறுப்பினர் சேர்க்கை பெரிதும் பேசப்பட்டது.

பட்டியலில் இல்லாத பெயர்

1935 இல் முந்தைய ஆண்டின் படங்களுக்கான பரிந்துரைகள் வெளியானபோது, "ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்" படத்தில் நடித்த பெட்டி டேவிஸின் பெயர் இடம்பெறவில்லை. அவருடைய நடிப்பு பெரிதும் பாராட்டப்பட்டிருந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதி வாக்களிக்கலாம் என அகாதமி அனுமதித்தது. அவ்வாண்டு விருதை "இட் ஹேப்பண்ட் ஒன் நைட்" படத்தின் கிளாடெட் கோல்பர்ட் பெற்றார்.

அடுத்த ஆண்டும் இந்த அனுமதி நீடித்தது. "எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்" படத்தின் ஒளிப்பதிவாளர் ஹால் மோர் பரிந்துரைப் பட்டியலில் இல்லாமலேயே வென்றார். இவ்வாறு எழுதப்பட்ட வாக்குகளால் ஆஸ்கார் வென்றவர் அவர் ஒருவரே. அதன்பின் இம்முறை கைவிடப்பட்டது.

அதே விழாவில் பெட்டி டேவிஸ் "டேஞ்சரஸ்" படத்திற்காக விருது பெற்றார். முந்தைய ஆண்டின் புறக்கணிப்புக்கு வாக்காளர்கள் செய்த ஈடு என்றே அது பலராலும் கருதப்பட்டது. ஒரு நடிப்பைத் தவறவிட்டுவிட்டு வேறொரு நடிப்புக்கு விருது அளிக்கும் இப்போக்கு பிற்காலத்திலும் காணப்பட்டது. ஐந்து முறை சிறந்த இயக்குநர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் வெல்லாத மார்ட்டின் ஸ்கார்செசி, 2007 இல் "தி டிபார்ட்டட்" படத்திற்கு வென்றபோதும் இதே கருத்து கூறப்பட்டது. வாக்குச்சீட்டு ஓராண்டின் படங்களை மட்டுமே கேட்கிறது. வாக்காளர் ஒரு கலைஞரின் முழு வாழ்வையும் நினைவில் வைத்துக்கொண்டு அதற்கு விடை எழுதுகிறார்.

தொழிற்சங்கங்களும் வாக்குரிமையும்

1930களின் நடுப்பகுதியில் அகாதமியின் இருப்பே கேள்விக்குள்ளானது. நடிகர், எழுத்தாளர், இயக்குநர் ஆகியோர் தனித்தனிச் சங்கங்களை அமைத்தனர். அகாதமி தயாரிப்பு நிறுவனங்களின் பக்கம் சாய்கிறது எனக் கூறிப் பலர் வெளியேறினர். "தி இன்ஃபார்மர்" படத்தின் திரைக்கதைக்காக 1936 இல் வழங்கப்பட்ட விருதை ஏற்க எழுத்தாளர் டட்லி நிக்கோல்ஸ் மறுத்தார்.

அப்போது அகாதமித் தலைவராக இருந்த இயக்குநர் ஃபிராங்க் காப்ரா வாக்குரிமையைத் தொழிற்சங்க உறுப்பினர்களுக்கும் விரிவுபடுத்தினார். சில நூறு பேரின் வாக்கெடுப்பு பல்லாயிரம் பேரின் வாக்கெடுப்பாக மாறியது. கூட்டக் காட்சிகளில் தோன்றும் எக்ஸ்ட்ரா நடிகர்களும் வாக்களித்தனர்.

1942 இல் ஆர்சன் வெல்ஸின் "சிட்டிசன் கேன்" ஒன்பது பரிந்துரைகளைப் பெற்றும் மூலத் திரைக்கதைக்கான ஒரே விருதைத்தான் வென்றது. சிறந்த படமாக "ஹவ் கிரீன் வாஸ் மை வேலி" தேர்வானது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் அப்படத்தை எதிர்த்தது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எக்ஸ்ட்ரா நடிகர்களின் பெருந்தொகையான வாக்குகள் மற்றொரு காரணமாகக் கூறப்படுகின்றன. வாக்கு எண்ணிக்கையை அகாதமி வெளியிடுவதில்லை என்பதால் இக்கருத்துகளை எண்களால் உறுதிப்படுத்த இயலாது.

1940களின் நடுவில் எக்ஸ்ட்ரா நடிகர்களின் வாக்குரிமை நீக்கப்பட்டு, இறுதி வாக்கெடுப்பு மீண்டும் அகாதமி உறுப்பினர்களுக்கே உரியதானது. 1950களின் இறுதியில் பரிந்துரைக்கும் உரிமையும் அவர்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

மூடிய உறை

1930களின் நடுவில் வாக்குகளை எண்ணும் பணி பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனாலும் முடிவுகள் விழாவுக்கு முன்பே செய்தித்தாள்களுக்குத் தரப்பட்டன. குறித்த நேரத்திற்குப் பின்னரே வெளியிட வேண்டும் என்பது உடன்பாடு. 1940 பிப்ரவரியில் "லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்" விழாவுக்கு முன்பே தன் மாலைப் பதிப்பில் முடிவுகளை அச்சிட்டுவிட்டது. அடுத்த ஆண்டு முதல் முத்திரையிட்ட உறை முறை வந்தது.

தணிக்கையாளர் எண்ணுவதில் பிழை நேர்ந்ததாக வெளிப்பட்ட நிகழ்வு இல்லை. பிழை நேர்ந்தது உறையைக் கொடுப்பதில்தான். 2017 இல் சிறந்த படத்திற்கான உறைக்குப் பதில் சிறந்த நடிகைக்கான உறை மேடைக்குத் தரப்பட்டது. அதனால் "லா லா லேண்ட்" வென்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. உண்மையில் வென்ற படம் "மூன்லைட்" ஆகும்.

பெயர் நீக்கப்பட்ட எழுத்தாளர்கள்

யார் வாக்களிக்கலாம் என்பது போலவே யாருக்கு வாக்களிக்கலாம் என்பதும் விதிக்கு உட்பட்டது. கம்யூனிச எதிர்ப்பு விசாரணைகள் நடந்த காலத்தில், நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்தவர்கள் விருதுக்குத் தகுதியற்றவர்கள் என 1957 இல் அகாதமி விதி இயற்றியது.

அதே ஆண்டு "தி பிரேவ் ஒன்" படத்தின் கதைக்கான விருதை ராபர்ட் ரிச் என்பவர் வென்றார். அப்படி ஒருவர் இல்லை. அது கறுப்புப் பட்டியலில் இருந்த டால்டன் டிரம்போவின் புனைபெயர். சிலை அவருக்கு 1975 இல்தான் வழங்கப்பட்டது. மறு ஆண்டு, இலங்கையில் படமாக்கப்பட்ட "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" படத்தின் திரைக்கதை விருது மூல நாவலாசிரியர் பியர் பூலுக்குச் சென்றது. பிரெஞ்சு எழுத்தாளரான அவர் ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதக்கூடியவர் அல்லர். அதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கறுப்புப் பட்டியலில் இருந்தனர். 1984 இல் அகாதமி அவர்களை ஏற்றுக்கொண்டபோது இருவரும் உயிருடன் இல்லை. அந்த விதி 1959 இல் நீக்கப்பட்டிருந்தது.

பரிந்துரை எவ்வாறு நடைபெறுகிறது

இன்றைய முறையில் ஒவ்வொரு கிளையும் தன் துறைக்கான பரிந்துரைகளைத் தேர்ந்தெடுக்கிறது. நடிகர்கள் நடிகர்களையும், படத்தொகுப்பாளர்கள் படத்தொகுப்பாளர்களையும் பரிந்துரைக்கின்றனர். சிறந்த படத்தை மட்டும் அனைத்துக் கிளையினரும் பரிந்துரைக்கின்றனர்.

பெரும்பாலான பிரிவுகளில் வாக்காளர் ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதுவார். ஐந்து இடங்கள் கொண்ட பிரிவில், செல்லத்தக்க வாக்குகளை ஆறால் வகுத்து, வரும் எண்ணுக்கு அடுத்த முழு எண் தேவையான அளவாகக் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக 600 வாக்குகள் பதிவானால் 101 வாக்குகள் தேவை. முதல் விருப்பமாக அந்த அளவை எட்டியவர் பட்டியலில் இடம்பெறுவார். மிகக் குறைந்த முதல் விருப்பம் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்திற்கு மாற்றப்படும். ஐந்து இடங்கள் நிரம்பும் வரை இது தொடரும்.

இதனால் பலருக்கு ஓரளவு பிடித்த படத்தைவிட, சிலருக்கு மிகவும் பிடித்த படத்திற்குப் பரிந்துரை எளிதாகிறது. முதல் இடத்தில் யாரும் எழுதாத பெயர் எத்தனை சீட்டுகளில் இரண்டாவதாக இருந்தாலும் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். 2023 இல் "டு லெஸ்லி" என்ற சிறு படத்தின் ஆண்ட்ரியா ரைஸ்பரோ எதிர்பாராமல் பரிந்துரை பெற்றது இதற்குச் சான்று. புகழ்பெற்ற நடிகர்கள் பலர் அவருக்காகத் தனிப்பட்ட முறையில் ஆதரவு திரட்டினர். அகாதமி இதனை ஆய்வு செய்தபின் பரிந்துரையை நிலைநிறுத்தியது.

சில பிரிவுகளில் தன்னார்வக் குழுக்கள் மதிப்பெண் இடும் முறை இருந்தது. 1995 இல் பெரும் பாராட்டைப் பெற்ற "ஹூப் டிரீம்ஸ்" ஆவணப்படப் பிரிவில் பரிந்துரை பெறவில்லை. குழுவில் சிலர் தமக்குப் பிடித்தவை தவிர மற்ற படங்கள் அனைத்திற்கும் மிகக் குறைந்த மதிப்பெண் இட்டது பின்னர் தெரியவந்தது. இதனால் விதிகள் திருத்தப்பட்டன. 2001 இல் ஆவணப்படத்திற்கெனத் தனிக் கிளை உருவானது.

வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை

இறுதிக் கட்டத்தில் எல்லாக் கிளையினரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கலாம். சிறந்த படம் தவிர மற்றவற்றில் அதிக வாக்கு பெற்றவர் வெல்வார். ஒலிக்கலவையின் நுட்பம் அறியாதவரும் அப்பிரிவில் வாக்களிப்பதால், பலருக்கும் பிடித்த படம் பல பிரிவுகளை ஒன்றாக அள்ளுவது உண்டு. 2009 இல் "ஸ்லம்டாக் மில்லியனர்" பத்துப் பரிந்துரைகளில் எட்டு விருதுகளை வென்றது. ஏ. ஆர். ரகுமான் இசைக்கும் "ஜெய் ஹோ" பாடலுக்கும் விருது பெற்றார். அவ்வாண்டு பரிந்துரைக்கப்பட்ட மூன்று பாடல்களில் இரண்டு அப்படத்தினுடையவை; மற்றொன்றை அவருடன் இணைந்து உருவாக்கியவர் ஈழத்தமிழ் மரபினரான பாடகி எம்.ஐ.ஏ. அவரைப் பட்டியலில் சேர்த்தது இசைக் கிளையின் தீர்ப்பு. விருதளித்தது அனைத்துக் கிளைகளின் தீர்ப்பு.

அதே ஆண்டு "தி டார்க் நைட்" சிறந்த படத்திற்கான ஐவர் பட்டியலில் இடம்பெறாதது பெரும் விவாதமானது. அடுத்த விழாவிலிருந்து பட்டியல் பத்தாக உயர்த்தப்பட்டது. பத்துப் படங்களில் வாக்குகள் சிதறினால் மிகச் சிறிய ஆதரவுடன் ஒரு படம் வென்றுவிடும் என்பதால், 1940களில் கைவிடப்பட்ட விருப்ப வரிசை முறை சிறந்த படத்திற்கு மட்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

அது எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். நூறு வாக்காளர்கள் நான்கு படங்களை வரிசைப்படுத்துகின்றனர். முதல் விருப்பமாக அ 40, ஆ 30, இ 20, ஈ 10 பெறுகின்றன. எதற்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் உள்ள ஈ நீக்கப்படுகிறது. அந்தப் பத்துச் சீட்டுகளில் ஏழு ஆ படத்திற்கும் மூன்று இ படத்திற்கும் செல்கின்றன. இப்போது அ 40, ஆ 37, இ 23. அடுத்து இ நீங்க, அதன் 23 சீட்டுகளில் 16 ஆ படத்திற்கும் 7 அ படத்திற்கும் செல்கின்றன. முடிவில் அ 47, ஆ 53. பழைய முறையில் அ வென்றிருக்கும். இம்முறையில் ஆ வெல்கிறது.

பரிந்துரைக் கட்டம் தீவிர ஆதரவாளர்களைத் தேடுகிறது. இறுதிக் கட்டம் எதிர்ப்பு குறைந்த படத்தைத் தேடுகிறது. ஒரு பகுதியினர் போற்றி மறுபகுதியினர் வெறுக்கும் படம் பட்டியலில் எளிதாக நுழையும், ஆனால் வெல்வது கடினம். ஒரே படத்திற்குச் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் கிடைப்பது முன்பு வழக்கமாக இருக்க, 2010க்குப் பின் அவை அடிக்கடி பிரிந்து செல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பட்டியலின் எண்ணிக்கை இடையில் ஐந்து முதல் பத்து வரை மாறி, 2022 விழாவிலிருந்து மீண்டும் பத்தாக நிலைபெற்றது.

பிரச்சாரம்

வாக்காளர் முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்க வைப்பதே பிரச்சாரத்தின் வேலை. 1961 இல் "தி அலாமோ" படத்தின் நடிகர் சில் வில்ஸ் தமக்காக வெளியிட்ட மிகையான விளம்பரங்கள் எதிர்விளைவையே தந்தன. வீடியோ நாடாக்கள் வந்தபின் படங்கள் வாக்காளரின் வீட்டுக்கே அனுப்பப்பட்டன. 1999 இல் "சேவிங் பிரைவேட் ரயான்" படத்தை "ஷேக்ஸ்பியர் இன் லவ்" வென்றதற்கு மிராமாக்ஸ் நிறுவனத்தின் தீவிரப் பிரச்சாரமே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. 2010 இல் போட்டிப் படத்தைக் குறைத்துப் பேசி வாக்காளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய "தி ஹர்ட் லாக்கர்" தயாரிப்பாளர்களில் ஒருவர் விழாவில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது. எனினும் அப்படம் வென்றது.

வாக்காளர் யார்?

அகாதமி தன் உறுப்பினர் பட்டியலை நீண்டகாலம் வெளியிடவில்லை. 2012 இல் "லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்" நடத்திய ஆய்வு, வாக்காளர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆண்கள், இடைநிலை வயது 62 எனக் கண்டறிந்தது. 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே சென்றபோது எதிர்ப்பு வெடித்தது.

2016 ஜனவரியில், பெண்கள் மற்றும் சிறுபான்மையினரின் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக அகாதமி அறிவித்தது. புதிய அழைப்புகள் 2016 இல் 683, 2017 இல் 774, 2018 இல் 928 என உயர்ந்தன. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கலைஞர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். தமிழ்த் திரையுலகிலிருந்து நடிகர் சூர்யா 2022 இலும் இயக்குநர் மணிரத்னம் 2023 இலும் அழைக்கப்பட்டனர். 2020 இல் தென்கொரியாவின் "பாரசைட்", ஆங்கிலம் அல்லாத மொழியில் சிறந்த பட விருதை வென்ற முதல் படமானது. 1929 முதல் அதுவரை அப்படியொரு முடிவு வந்ததில்லை.

சர்வதேசத் திரைப்படப் பிரிவில் மட்டும் வாக்குக்கு முன்பே ஒரு வாயில் உள்ளது. ஒவ்வொரு நாடும் ஒரே படத்தைத்தான் அனுப்ப முடியும். இந்தியாவில் அத்தேர்வை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு செய்கிறது. "தெய்வ மகன்" தொடங்கி "நாயகன்", "தேவர் மகன்", "விசாரணை", "கூழாங்கல்" எனப் பல தமிழ்ப் படங்கள் அனுப்பப்பட்டும் எதுவும் இறுதிப் பரிந்துரை பெறவில்லை. எத்தனை மொழிகளில் படமெடுத்தாலும் ஒரு நாட்டுக்கு ஓர் இடமே என்பதால், இந்தியப் படமொன்று அகாதமி வாக்காளரை அடையும் முன்பே பெரும்பகுதிப் போட்டி முடிந்துவிடுகிறது.

அண்மைய மாற்றம்

பரிந்துரைக்கப்பட்ட படங்களைப் பார்க்காமலே வாக்களிப்பவர்கள் உண்டு என்பது நெடுங்காலக் குறையாகும். பெயர் வெளியிடாமல் பேட்டியளித்த வாக்காளர்கள் சிலர் இதனை ஒப்புக்கொண்டும் உள்ளனர். 2025 ஏப்ரலில் அகாதமி புதிய விதியை அறிவித்தது. 2026 விழாவிலிருந்து, ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவரே அப்பிரிவின் இறுதி வாக்கெடுப்பில் பங்கேற்கலாம். படத்தைப் பார்த்த பின்பே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற எளிய நிபந்தனை எழுத்தில் வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆஸ்கார் பட்டியலை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும் மாணவர், ஒவ்வொரு பெயருக்கும் அருகில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்வது பயன் தரும். அவ்வாண்டில் வாக்குரிமை பெற்றிருந்தவர் யார், அவர்கள் முன் வைக்கப்பட்ட படங்கள் எவை, வாக்குகள் எந்த விதிப்படி எண்ணப்பட்டன என்பவையே அவை. வென்ற படத்தின் தரத்தை இவை கூறிவிடமாட்டா. அது ஏன் வென்றது என்பதைப் பெரும்பாலும் கூறிவிடும்.